பதினெட்டு மூட்டை மாவு

பதினெட்டு மூட்டை அரிசி மாவையும் தங்கையா குழி வெட்டிப் புதைத்துவிட்டார். அதுவும் தீபாவளிக்கு ஐந்தே நாள் இருக்கும்போது.

தோட்டத்துக் கூட்டுறவு மில்லில் மாவைச் சோதிப்பவர் அவர்தான். அரைத்த மாவைச் சலிப்பார். ஒரு பிடி இறுக்கி ஈரம் பார்ப்பார். நாக்கில் வைத்து ருசி பார்ப்பார். மூட்டை கட்டிய பிறகும் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் நீல முத்திரை குத்துவார். முத்திரை இல்லாத மூட்டை வாசலைத் தாண்டாது.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் அவருக்குச் 'சல்லடை' என்றே பெயர். போன வருஷம் ஒரே ஒரு கல் அகப்பட்டதற்கு அன்றைய அரைப்பையே நிறுத்திய மனிதர்.

அப்பேர்ப்பட்டவர் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் சொன்ன காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

"தார்ப்பாய் மூட மறந்துட்டேன் தொர. மழத்தண்ணி எறங்கிருச்சி. என் தப்புதான்."

துரை அன்றைக்கே அவரை வேலையை விட்டு நிறுத்தினார். ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ராதாகிருஷ்ணன் கடிதம் அடித்துக் கொடுத்தார். வேலை போனால் லயத்து வீடும் போகும். தோட்டத்தில் அதை யாரும் தனியாக எழுதிச் சொல்வதில்லை.

மறுநாள் காலை, கோலா தெர்லாவிலிருந்து கீழே இறங்கும் காய்கறி லோரிக்காகத் தங்கையா மில்லுக்கு எதிரே நின்றிருந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி. விடாத தூறல். வழியனுப்ப ஒரு ஆள் வரவில்லை. திட்டுவதற்கு மட்டும் மில் வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எல்லாருக்கும் முன்னால் நின்றவள் இராசம்மா. மில்லில் எடுபிடி வேலை செய்கிறவள். புருஷன் இல்லை. மூன்று பிள்ளைகள்.

"ஈரம் பட்ட மாவ வறுத்து எடுத்துக்க எங்களுக்குத் தெரியாதா? எதுக்கு மண்ணுல போட்டான் இந்த மனுசன்? பிரிஞ்சாங் டவுன்ல மீரான் கடையிலயும் மாவு முடிஞ்சிருச்சி லா. என் புள்ளைங்க வாயில மண்ணப் போட்டுட்டானே!"

அவள் கேட்டதில் என்ன தப்பு? ராதாகிருஷ்ணன் மனசையும் அந்தக் கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கிவிடும் சாக்கில் அவர் தங்கையாவிடம் போனார்.

"வறுத்திருந்தா சரியாப் போயிருக்குமேண்ணே. ஏன் பொதைச்சீங்க?"

தங்கையா சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மாவு நல்ல மாவு கிராணி. மழத்தண்ணியும் எறங்கல, ஒண்ணும் எறங்கல. மூட்ட கட்டினப்புறம் மோந்து பாத்தேன். புல்லக் கருக்க அடிக்கிற மருந்து வாட அடிச்சிச்சி."

"மாவுலயா?"

"சாக்குல. மருந்தடிக்கிறவனுங்க முதுகுல டேங்கு உறுத்தாம இருக்க பழைய சாக்க மடிச்சுக் கட்டிக்கிறானுங்க. டேங்கு ஒழுகி ஒழுகி அம்புட்டையும் சாக்குதான் குடிக்குது. அதுல ரெண்டு மாவு சாக்கோட கலந்திருச்சி. மாவக் கட்டுறதுக்கு முன்னயே எல்லாத்தையும் ஒரே பீப்பாத் தண்ணியில அலசியாச்சி. இனி எது நல்லது, எது கெட்டதுன்னு யாரு பிரிக்கிறது?"

ராதாகிருஷ்ணன் மனசுக்குள் கணக்குப் போட்டார். நூற்றிருபது வீடு. வீட்டுக்கு வீடு முறுக்கு.

"வறுத்தா ஈரம் போயிரும் கிராணி. வெசம் போகுமா?"

"இத அப்படியே துரைகிட்ட சொல்லியிருந்தா உங்க வேல தப்பிச்சிருக்குமேண்ணே!"

"தப்பிச்சிருக்கும். சாக்கு அலசின ஆளு வீட்டக் காலி பண்ணியிருக்கணும். நான் ஒண்டிக்கட்ட. ஒரு பொட்டியோட எங்கயும் போயிருவேன்." பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார். "இனிமே மருந்துக்காரனுங்க சாக்க தனியாப் பூட்டி வைக்கச் சொல்லுங்க. காரணம் சொல்ல வேணாம்."

யார் அந்த ஆள் என்று ராதாகிருஷ்ணன் கேட்க வாயெடுப்பதற்குள் லோரி வந்து நின்றது. தங்கையா பெட்டியை மேலே ஏற்றினார்.

அந்த நேரம் பார்த்து இராசம்மா ஓடி வந்தாள். குனிந்து ஈர மண்ணை அள்ளி அவர் மேல் வீசினாள்.

"நாசமாப் போவ. உன் கைக்கு ஒரு பிடி மாவு கெடைக்காமப் போவ."

சட்டை முழுக்கச் சேறு. ராதாகிருஷ்ணனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்லியே விடுவது என்று அவள் பக்கம் திரும்பினார்.

தங்கையா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் கிராணி. என்னைத் திட்டினா ரெண்டு மாசத்துல மறந்துரும். அந்தச் சாக்க அலசினது தான்தான்னு தெரிஞ்சா, அந்தப் பொண்ணு இனி புள்ளைங்களுக்கு எந்தச் சோத்த தைரியமா ஊட்டும்?"