பூட்டப்பட்ட பவானி

ஒரு கம்ப்யூட்டர் சிப்புக்குள், கணக்குப் போடுகிற நான்கு கோர்கள் அக்கா தங்கைகளாக இருந்தார்கள். மூத்தவள் பொன்னி, மூன்றாமவள் பவானி. தொழிற்சாலைச் சோதனையில் நால்வரும் தேறியதும் பவானிக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்குப் போகப்போகிறோம் என்று ஓயாமல் அதே பேச்சு.

அந்த வாரமே போட்டிக் கம்பெனிக்காரர்கள் இரண்டே கோர் உள்ள சிப் ஒன்றை அடிமாட்டு விலைக்கு இறக்கிவிட்டார்கள். இந்தச் சிப்பைச் செய்த கம்பெனிக்காரர்களும் உடனே அதே விலையில் ஒன்றை இறக்கியாக வேண்டும். புதிதாகச் செய்ய அவகாசமில்லை. அதனால் நல்ல சிப்புகளிலேயே இரண்டிரண்டு கோர்களைப் பூட்டினார்கள். பவானியும் கடைக்குட்டியும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள்.

"எங்கிட்ட என்னக்கா குறை?" என்று கேட்டாள் பவானி.

"ஒரு குறையும் இல்லடி. விலைக்குத் தகுந்த மாதிரி ஆக்கிட்டாங்க" என்றாள் பொன்னி.

அந்தச் சிப் ஒரு இ-சேவை மையத்துக்குப் போனது. சான்றிதழ் வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்று சலித்துக்கொண்டார்கள். பொன்னியும் இரண்டாமவளும் ஓடி ஓடி மூச்சிரைப்பது பவானிக்குக் கேட்கும்.

"நான் கொஞ்சம் வேலை பார்க்கட்டுமாக்கா?"

"சாவி எங்கிட்ட இல்லையேடி."

தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள், நாளடைவில் கேட்பதை விட்டுவிட்டாள்.

மூன்றாம் வருடம், "இது சரியான ஆமை" என்று அலுத்துக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரரிடம் போட்டார்கள். அவருடைய சாக்குக்குள் பொன்னி துவண்டு கிடந்தாள்.

"ரொம்பக் களைப்பா இருக்கு பவானி."

பவானி மெதுவாகக் கேட்டாள்: "களைப்புன்னா எப்படிக்கா இருக்கும்?"