ஏழு காசு

அப்பா தன் ஆறு வயது மகளுக்குத் தரவேண்டிய கடன் ஏழு காசு, எல்லாம் ஒரு ரூபாய் நாணயம். போன வாரம் பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாமல் அவள் உண்டியலிலிருந்து எடுத்தது. இப்போது ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில், சிமெண்ட் படிந்த விரல்களை மடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலை வெயில் சலைன் பாட்டிலுக்குள் புகுந்து சுவரில் நெளிகிறது. வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு வெறும் தண்ணீரையே சொம்பு சொம்பாகக் கொடுத்தவர் அவர்தான். உடம்பில் உப்பு குறைந்து வலிப்பு வந்துவிட்டது. உப்பை மெல்ல மெல்ல ஏற்றியாயிற்று. மூளைக்கு ஏதும் ஆகியிருக்கிறதா என்பது அவள் விழித்துப் பேசினால்தான் தெரியும் என்று டாக்டரம்மா சொல்லி இரண்டு நாள் ஆகிறது. இமை துடிக்கிறது. கண் திறக்கிறது. டாக்டரம்மா டார்ச்சோடு குனிகிறார். "பாப்பா, இது யாரு சொல்லு?" மகள் அப்பாவை மேலும் கீழும் பார்க்கிறாள். காய்ந்த உதடு மெல்லப் பிரிகிறது. "கடன்காரரு." டாக்டரம்மாவின் முகம் சுருங்குகிறது. அப்பாவோ துள்ளி எழுகிறார். "சரியாத்தான் சொல்றா டாக்டரம்மா! எவ்வளவு தரணும், கண்ணு?" "ஏழு." பையைத் துழாவி, வேண்டுமென்றே எட்டுக் காசைப் போர்வைமேல் பரப்புகிறார். ஊசி குத்தாத கையால் அவள் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணுகிறாள். எட்டாவதைத் திருப்பித் தள்ளுகிறாள். "இது உன்னுதுப்பா." டாக்டரம்மா டார்ச்சை அணைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தபடி கேட்கிறார். "அப்போ கடன் தீந்துதா?" "தீந்துது" என்கிறாள் மகள், ஏழு காசையும் உள்ளங்கையில் மூடிக்கொண்டு.