கணக்கு வாத்தியாரின் கைப்பெயர்

கணக்கு வாத்தியார் கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு, வழக்கம்போல் சடாரென்று திரும்பினார்.

கடைசி பெஞ்சில் வகுப்புத் தலைவனின் கை அந்தரத்தில் நின்றது.

புறங்கை தெரிய உயர்த்தி, ஒரு திருப்பு திருப்பி, உள்ளங்கையைக் காட்டியிருந்தான். அது வாத்தியாரின் பெயர். அந்த வகுப்பில் அவரை அப்படித்தான் சொல்கிறார்கள்.

எல்லாம் முதல் பெஞ்சுக்காரி ஆரம்பித்து வைத்தது. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. போன வருஷம் சிறப்புப் பள்ளியிலிருந்து இங்கே வந்து சேர்ந்தாள். அவளோடு பேசுவதற்காக நாலு பேர் கைமொழி கற்றுக்கொண்டார்கள். பாடம் நடக்கும்போதே சத்தமில்லாமல் வம்பளக்கலாம் என்று தெரிந்ததும் மீதி முப்பத்து நாலு பேரும் கற்றுக்கொண்டார்கள். அந்த வேகத்தில் அவர்கள் வேறு எந்தப் பாடத்தையும் படித்ததில்லை.

கைமொழியில் ஒரு பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் ஆளுக்கொரு சைகை. அதை வைக்கும் உரிமை அவளுக்கு மட்டுந்தான். ஆளை ஒரு பார்வை பார்ப்பாள், கண்ணில் எது படுகிறதோ அதையே பெயராக வைத்துவிடுவாள். அப்பீல் கிடையாது.

தலைமையாசிரியைக்கு, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடியை மேலே தள்ளுவது. விளையாட்டு வாத்தியாருக்கு, வயிற்றுக்கு முன்னால் காற்றில் பெரிதாக ஒரு வளைவு. அறிவியல் டீச்சருக்கு வெறும் கொட்டாவி.

இதையெல்லாம் ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, ஆசிரியர் அறையில் தனியாகச் சிரித்தவர்தான் கணக்கு வாத்தியார். தன் முறை வந்தபோது சிரிப்பு வரவில்லை.

அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. மனைவிக்கும் குளியலறைக் கண்ணாடிக்கும் மட்டுமே தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்த ரகசியம். புறங்கையைக் காட்டித் திருப்புகிற அந்தச் சைகை நேராக அதன்மேல் விரல் வைப்பதாக அவருக்குப் பட்டது. வாசலில் அவர் தலை தெரிந்தால் போதும், உள்ளே முப்பத்தெட்டுக் கைகள் திரும்பும்.

"பேரு வெச்சா வெச்சுட்டுப் போகட்டுமே. எங்க வீட்டுல கல்யாணத்துக்கு முன்னாடியே உங்களுக்கு ஒண்ணு வெச்சாச்சு" என்றாள் மனைவி.

வாத்தியாருக்கு அது புதுச் செய்தி.

ஆகவே இன்று சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. இந்த வகுப்புக்கு வேறு ஆளைப் போடும்படி கேட்டு, தலைமையாசிரியைக்கு. மணி அடித்ததும் கொடுப்பதாக ஏற்பாடு. காரணம் என்ற இடத்தில் 'உடல்நிலை' என்று எழுதியிருந்தார். அதில் பொய் எதுவும் இல்லை என்பது அவருடைய வாதம்.

போகிறதுதான் போகிறோம், தெரிந்துகொண்டாவது போகலாம் என்று தோன்றியது.

முதல் பெஞ்சின் எதிரே போய் நின்றார். அவள் முகத்தைப் பார்த்து, கையை உயர்த்தி ஒரு திருப்பு திருப்பினார்.

"எனக்கு ஏம்மா இந்தப் பேரு?"

வகுப்புத் தலைவன் டெஸ்கின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அவள் அவருடைய உதடுகளைப் படித்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இரண்டு பக்கமும் எழுதி, மடித்து நீட்டினாள்.

வாத்தியார் பிரித்தார்.

'மத்த டீச்சர்லாம் போர்டைப் பார்த்துக்கிட்டே பேசுவாங்க. முதுகைப் பார்த்து நான் என்னத்தைப் படிக்கிறது? நீங்க மட்டும் எழுதும்போது பேச மாட்டீங்க. ஒவ்வொரு வரிக்கும் திரும்பி, எங்களைப் பார்த்துப் பேசுவீங்க. கணக்கு மட்டும்தான் சார் எனக்கு யாரையும் கேக்காமப் புரியுது. அதான் திரும்புறவர்னு வெச்சேன்.'

வாத்தியார் அதை இன்னொரு தடவை படித்தார். சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் பாதி வழியில் வெட்கமாக மாறியது.

அவர் ஒருநாளும் அவளுக்காகத் திரும்பியதில்லை. அவளுக்குத் தன் உதடு தெரிய வேண்டும் என்று அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வரிக்கு மேல் நிற்க அவருக்குத் தைரியம் வராது, அவ்வளவுதான். இந்தப் பெயருக்குத் தான் லாயக்கில்லை என்று இவளிடம் எப்படிச் சொல்வது?

யோசித்தபடியே தாளைத் திருப்பினார்.

'முதல் வாரம் வேற பேருதான் வெச்சிருந்தேன். பின்மண்டையில வட்டமா வழுக்கை. அது எல்லாருக்கும் தெரியும் சார். நீங்க திரும்பிப் பேசுறதைப் பார்த்ததுக்கு அப்புறம் நான்தான் மாத்தினேன்.'

வகுப்புத் தலைவன் மெல்லத் தலையைத் தூக்கினான். வாத்தியாரின் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது அவனுக்கு. சந்தேகம் எதுவும் மிஞ்சக் கூடாது என்பதுபோல் தன் பின்மண்டையில் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினான்.

வாத்தியார் சிரித்துவிட்டார்.

கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அவளுடைய தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு கரும்பலகைக்கு நேராக நின்றார்.

அன்றுதான் முதல் தடவையாக, பின்மண்டையை முப்பத்தொன்பது பேருக்கும் காட்டியபடி, ஒரு முழுக் கணக்கையும் மேலிருந்து கீழ்வரை நிதானமாக எழுதி முடித்தார். இனி அவர் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை.

சாக்பீஸைக் கீழே வைத்தார்.

முதல் பெஞ்சைப் பார்த்துத் திரும்பி, பேச ஆரம்பித்தார்.