ரசவடைக் கடையைத் தாண்டி

பைக்கிலிருந்து விழுந்த செல்வின் இனி நடப்பது சந்தேகம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சுயம்புதான் தன் நடையை நண்பனுக்குக் கொடுத்தான். அதைப் பதிவுசெய்துகொண்ட, காலில் மாட்டும் இயந்திரக் கவசம் செல்வினின் கால்களை அப்படியே நடத்தியது.

ஆனால் சுயம்பு எந்த நாளும் ரசவடைக் கடையைத் தாண்டிப் போனவன் இல்லை. அதனால் தினசரி பயிற்சியில் செல்வினும், “வேண்டாம்லே!” என்று கத்திக்கொண்டே கடைக்குள் நுழைந்துவிடுவான்.

“வந்தாச்சுல்லா, ரெண்டு தின்னு மக்கா,” என்பான் சுயம்பு.

ஐந்தாவது மாதம் ஒருநாள், கதை பேசிக்கொண்டே வந்த செல்வின் கடையைக் கடந்து நேரே போனான். சுயம்பு திடுக்கிட்டு, ஓடிப்போய்க் கவசத்தைக் குனிந்து பார்த்தான். விளக்கு அணைந்திருந்தது. சார்ஜ் போட சுயம்புதான் மறந்திருந்தான்.

“லே மக்கா, நடக்கது நீதாம்லே!” சுயம்பு அவனைக் கட்டிக்கொண்டான். “என் காலுன்னா கடைய விட்டுருக்குமா?”