மாசேன் பிசைந்த அத்தோ

கொரோனா ஊரடங்கு தளர்ந்து, பாரிமுனையில் அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ் கடையைத் திறந்த அன்றே பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த ஒருவன் மாசேனைப் பார்த்து, “சைனாக்காரி கடைடா, வுடு வண்டிய!” என்று கத்திவிட்டுப் போனான். பர்மாக்காரத் தாயின் முகம் அவளுக்கு. கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள், பேசுவதெல்லாம் மெட்ராஸ் தமிழ்.

கணவன் வேலாயுதம் பயந்துவிட்டான். “கொஞ்ச நாளைக்கு நீ பின்னால குந்திக்க. நான் பாத்துக்குறேன்.”

தார்ப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். வந்தவர்கள் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போவது அவளுக்குத் தெரிந்தது.

ஒரு மாலை, வழக்கமாக வரும் துறைமுக லோடுமேன் தட்டை நீட்டிச் சத்தம் போட்டார். “இன்னாபா இது? நூடுல்ஸ் தனியா, புளி தனியா கீது! அக்கா எங்க?”

வேலாயுதம் தார்ப்பாய்ப் பக்கம் திரும்பினான். மாசேன் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

“யோவ், தள்ளு,” என்று கணவனை ஒதுக்கினாள்.

நின்றிருந்த நான்கு பேரில் இருவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்தார்கள். அவள் நிமிரவில்லை. நூடுல்ஸில் பூண்டெண்ணெயும் புளித்தண்ணீரும் விட்டு, விரல்களால் அள்ளி அள்ளிப் பிசைந்தாள். வாசனை எழுந்தது. மிச்சமிருந்த இருவரும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார்கள்.