டேங்க் மேல் ஒலிம்பியா

என் தலை பாதிதான் காய்ந்திருந்தது. அதற்குள் பார்லர்க்கார நெரெய்தா டிரையரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

"ஏண்டி, நாளைக்கு நான் ஞானஸ்நான விருந்துக்குப் போகணும். இப்படி ஈரத் தலையோட விட்டுட்டுப் போறியே?" என்றேன்.

"அஞ்சு நிமிஷம், அக்கா. கரண்ட் போறதுக்குள்ள முடிச்சாகணும். அவரு சாப்பிட்டுட்டு உள்ள குறட்டை விடறாரு."

வாசலில் அவள் புருஷன் ரதாமெஸின் சிவப்பு பைக் நின்றது. எங்கள் மிச்செஸ் ஊர் முழுக்க ஆட்களை ஏற்றி இறக்கும் வாடகை பைக். இங்கே அவனவன் வண்டியில் பெண்டாட்டி பேரையோ பிள்ளை பேரையோ ஒட்டிக்கொள்வான். ரதாமெஸின் டேங்க்கில் இருந்ததோ ஒலிம்பியா. ஸ்டிக்கர் தாளைக் கத்தரியால் வெட்டி ஒட்டிய பேர். கடைசி எழுத்து கோணல்.

"பழைய வண்டியா வாங்கும்போதே இருந்துதாம்" என்றாள் நெரெய்தா. "எடுங்கன்னா, பெயிண்ட் போயிடும்ங்கறாரு. ரெண்டு வருஷமா இதே பாட்டு. அதுகூடப் போகட்டும். தினம் நாலு மணிக்கு, சவாரி ஒண்ணும் இல்லாம, மேட்டுத் தெருவுக்கு எதுக்குப் போகணும்?"

அதுதானே என்று எனக்கும் பட்டது. ஆம்பளைங்க சமாசாரம் எனக்குத் தெரியாததா?

கடைக்குள் நகம் காயவைத்துக்கொண்டிருந்த கெனியா எட்டிப் பார்த்தாள். "நெயில் பாலிஷ் அழிக்கிறதைக் கொஞ்சம் ஊத்து. ஒரே இழுப்புல வந்துடும்."

"பேரோட சேர்ந்து பெயிண்டும் வந்துடும். அப்புறம் 'நான்தான் சொன்னேனே'ன்னு நிப்பாரு. ஒரு கீறல் இல்லாம எடுத்துக் காட்டறேன் பாரு."

காட்டினாள். டிரையரைத் தள்ளிப் பிடித்து, கையை வைத்துச் சூடு பார்த்துப் பார்த்துக் காட்டினாள். ஓரம் இளகியதும், புருவம் எடுக்கிற நூலை அடியில் கொடுத்து மெல்ல மெல்ல இழுத்தாள். பேர் கிழியாமல் முழுசாகக் கையோடு வந்தது. மிச்சப் பசையைச் சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள்.

துடைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

டேங்க் முழுக்க வெயிலில் வெளுத்திருந்தது. ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும் புதுச் சிவப்பு. ஒலிம்பியா, கோணல் எழுத்து உட்பட.

"எடுத்தப்புறம்தான் இன்னும் நல்லாத் தெரியறா" என்றாள் கெனியா.

"தெரிவா, தெரிவா. தேய்க்கற தேய்ப்புல அவளைக் காணாம அடிக்கறேன்" என்று நெரெய்தா துணியைச் சுற்றிக்கொண்டபோது, ரதாமெஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

நல்ல சண்டை ஒன்று இருக்கிறது என்று நான் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டேன். அவன் சத்தமே போடவில்லை. டேங்க்கைப் பார்த்தான். அவள் கையிலிருந்த ஸ்டிக்கரை வாங்கி, மடங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைமேல் ஒட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"யாரு அவ?" என்றாள் நெரெய்தா.

"மணி நாலாகப் போகுது. ஏறு, காட்டறேன்."

ஏறிப் போனாள். என் தலையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அவர்கள் போனதும் கரண்டும் போனது.

திரும்பி வந்தபோது நெரெய்தாவின் கண் வீங்கியிருந்தது.

"அடிச்சானா?" என்றேன்.

"இல்லக்கா. அந்த ஒலிம்பியாவுக்கு என் அம்மா வயசு." உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வண்டி அவங்க மகனோடது. இவர்கிட்ட வித்துட்டு, அந்தக் காசுலதான் கள்ளப் படகு ஏறி போர்ட்டோ ரிக்கோவுக்குப் புறப்பட்டான். படகும் போய்ச் சேரல, அவனும் திரும்பி வரல. அம்மா பேரை அவனே வெட்டி ஒட்டினானாம். அதை மட்டும் எடுத்துடாதப்பான்னு அந்தம்மா இவரைத் தேடி வந்து கேட்டுக்கிட்டாங்களாம்."

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன அவனுக்கு?"

"கடல் கொண்டுபோனவன் வண்டின்னா நான் வாசல்ல நிறுத்த விட்டிருப்பேனா? உங்களுக்கே தெரியும்."

தெரியும். செத்தவர்கள் வீட்டுச் சீப்பைக்கூட அவள் கடைக்குள் சேர்க்கமாட்டாள்.

"வண்டிச் சத்தம் தூரத்துல கேட்டதுமே எழுந்து கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்கக்கா. வர்றது மகன் இல்லைன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். ஆனா இவர் ஹெல்மெட்டைக் கழட்டற வரைக்கும் அது அவனா இருக்கலாம்ல? 'அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கேன்'னு சொன்னாங்க."

"பேரைக் காணோமேன்னு கேட்டாங்களா?"

"ஸ்டிக்கரைக் கையில குடுத்தோம். நெஞ்சோட வச்சுக்கிட்டாங்க. அப்புறம் டேங்க்கை விரலால தடவிப் பார்த்தாங்க. 'இனிமே இதை யாரும் பிச்செடுக்க முடியாது, இல்லம்மா?'ன்னு என்கிட்டயே கேக்கறாங்க. நான்தான் எடுத்தேன்னு அவங்களுக்குத் தெரியாது."

ஈரத் தலையோடு வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அதே நாற்காலி. உள்ளே அதே குறட்டை. பாதித் தலை காய்ந்திருக்கும்போது நெரெய்தா பட்டென்று டிரையரை அணைத்தாள்.

"இன்னிக்கு என்னடி?"

அவள் போய் உள்கதவைத் தட்டினாள்.

"எழுந்திருங்க, மணி நாலாகப் போகுது. அங்க ஒலிம்பியா காத்துக்கிட்டிருப்பாங்க."

ரதாமெஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். அவள் வாசல்வரை ஓடினாள்.

"போனதும் சட்டுனு ஹெல்மெட்டைக் கழட்டிடாதீங்க. கொஞ்சம் மெதுவாவே கழட்டுங்க."