வாசலில் ஒரு தாழைப்பாய்

“போதும், போய்ப் பாயை விலக்குங்க. வெயில் ஏறுது,” என்றாள் மனைவி லுவிசா.

கிரிஃபி கோக்கோவை ஊதிக் குடித்தார். “ஏறட்டும். இன்னொரு கிழங்கு வை.”

வாசல் புல்தரையில் தனியேலுவின் குடும்பம் விடியும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. ஒருவரும் தலை நிமிரவில்லை. அவர்களுக்கு முன்னால், பெரிய தாழைப்பாய் ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டு இரண்டு பேர் மண்டியிட்டிருந்தார்கள். சமோவா வழக்கப்படி, வீட்டுக்காரர் இறங்கி வந்து அந்தப் பாயை விலக்கினால் மன்னித்தாயிற்று. பொழுது சாயும்வரை விலக்காவிட்டால், இரண்டு குடும்பங்களும் இனி ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிடாது.

போன வாரம் சாலையோரத்தில் புல் வெட்டும்போது தனியேலுவின் மிஷினிலிருந்து ஒரு கல் தெறித்தது. பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த கிரிஃபியின் மகன் ஃபலானிகோவுக்கு இடது கண்ணில் அடி. தலைநகர் அப்பியா ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். பாதிப் பார்வையாவது திரும்பும் என்றார் டாக்டர். நாளைக்கு வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மிஷினில் கத்தியை மறைக்கும் தகடு இல்லை. அதைக் கழற்றிவிட்டால் வேகமாக வெட்டலாம். யார் கழற்றியது என்று மேஸ்திரி கேட்டபோது தனியேலு வாய் திறக்கவில்லை. இரண்டு வீடும் சமாதானமாகும்வரை வேலைக்கு வராதே என்று அவனை அனுப்பிவிட்டார்.

“கல்லை மன்னிச்சிடுவேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது,” என்றார் கிரிஃபி. “தகட்டைக் கழட்டினவனை எப்படி மன்னிக்கிறது?”

இரண்டு பையன்களும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் என்று லுவிசா நினைவூட்டினாள். ரத்தத்தோடு கிடந்தவனைத் தனியேலுதான் முதுகில் சுமந்து லாரியில் ஏற்றினான் என்றும் சொன்னாள். தெரியும் என்றார் கிரிஃபி.

“அப்புறம் என்ன? முட்டி வலிக்காதா அதுங்களுக்கு?”

“சமோவாக்காரனுக்கு முட்டி எதுக்கு இருக்கு?”

வேலியோரமாகப் போன பக்கத்து வீட்டுக்காரர், இன்னும் எவ்வளவு நேரம் என்று சைகையில் கேட்டார். கிரிஃபி தன் தட்டைக் காட்டினார். இன்னும் சாப்பிட்டு முடியவில்லை.

உண்மையில் இரண்டாவது கோப்பையிலேயே அவர் மனம் இளகிவிட்டது. ஆனாலும், வந்து குனிந்தவுடன் ஓடிப்போய் விலக்குவது ஒரு குடும்பத் தலைவருக்கு அழகல்ல. காற்று இதமாக இருந்தது. கிழங்கு நன்றாக வெந்திருந்தது. மகனுக்குப் பார்வை திரும்பப்போகிறது. அவர் நிதானமாக மென்றார்.

“பாய்க்குள்ள இருக்கிற பிள்ளைக்கும் ஒரு அம்மா இருக்கா,” என்றாள் லுவிசா.

கிரிஃபி கோப்பையைக் கீழே வைத்தார். இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். வந்திருந்தவர்களின் தலைகள் இன்னும் தாழ்ந்தன. முறைப்படி அவர்களை வரவேற்றுச் சுருக்கமாகப் பேசினார். இந்த வீட்டில் இனி இதைப் பற்றிப் பேச்சு வராது, தகட்டைக் கழற்றியவனையும் சேர்த்தே மன்னித்துவிட்டேன் என்றார். பின்வரிசையில் யாரோ அழுதார்கள்.

பாயின் ஓரத்தைப் பிடித்து விலக்கினார்.

முதலில் தனியேலு. முகமெல்லாம் வியர்வை. கிரிஃபி அவன் தலையில் கை வைத்தார். அடுத்தவர் அவனுடைய பெரியப்பாவாக இருப்பார் என்று நினைத்து, குனிந்திருந்த அந்தத் தோளையும் பிடித்துத் தூக்கினார்.

ஒரு கண்ணில் கட்டோடு ஃபலானிகோ நிமிர்ந்தான்.

“தகட்டைக் கழட்டி மிஷினை இவன்கிட்ட கொடுத்தது நான்தாம்ப்பா.”